கிராம சபையில் எனக்குப் போட்ட நாற்காலி

எனக்கு எழுத்து கொஞ்சந்தான். கூட்டிக் கூட்டித்தான் எழுதுறேன். வேற யாராவது எழுதினா என்னைக் காப்பாத்தி எழுதிடுவாங்க.

எங்க ஊர்ல மூணு தெரு. தண்ணித் தொட்டியிலிருந்து வர்ற குழாய் எங்க குடியானத் தெருவைத் தாண்டி, சர்ச் தெருவைத் தாண்டி, கடைசியாத்தான் காலனிக்குப் போகும். எங்க தெருவுல குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிடுறாங்க. காலனிக்குக் காத்துதான் வரும். எங்க வூட்டுல மோட்டார் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு எப்பவும் உண்டு.

போன கோடையில காலனியிலிருந்து ஒரு பொண்ணு வந்தா. நூறு நாள் வேலையில என்கூட மண்ணு சுமந்தவ. "நாங்க மட்டும் கேட்டா காதுல வாங்க மாட்டேங்கறாங்க ஆத்தா. கிராம சபையில நீங்க வந்து நின்னா போதுங்க."

சும்மா நிக்கிற ஆளா நான்? சர்ச் தெருவுல வூடு வூடா ஏறி இறங்கினேன். எங்க தெருவுலயும் மோட்டார் இல்லாத வூட்டுப் பொம்பளைங்களைச் சேர்த்தேன். சட்டமும் நானே போட்டேன். "யாரும் நாற்காலியில உக்காரக் கூடாது. தரையில எல்லாரும் ஒண்ணா உக்காரணும். இல்லன்னா தெருத் தெருவாப் பிரிச்சிடுவாங்க."

"ஆத்தா முட்டி தாங்குமா?" சர்ச் தெருக்காரி ஒருத்தி சிரிச்சா.

"உன் முட்டியை விடக் கெட்டி. போடி."

கிராம சபை அன்னிக்குத் தார்ப்பாயில என்னைப் பார்த்ததும் தலைவர் எழுந்து வந்தாரு. எங்க வூட்டுக்காரருக்குத் தூரத்துப் பங்காளி மகன். "என்னங்க பெரியம்மா, நம்ம வூட்டுப் பொம்பளை இவங்களோட தரையிலயா? பார்க்கிறவங்க என்னைத்தான் காறித் துப்புவாங்க." தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து மேஜைப் பக்கத்துல போட்டாரு.

முட்டி வலின்னு சொல்லிக்கலாம். பொய். நம்ம வூட்டுப் பொம்பளைன்னு அத்தனை பேர் முன்னால சொன்னது எனக்கு இனிச்சது. போய் உக்காந்தேன். டீ குடுத்தாங்க, குடிச்சேன். என்னைப் பார்த்து எங்க தெருப் பொம்பளைங்களும் ஒவ்வொருத்தரா தரையை விட்டு எழுந்து என் பக்கம் வந்துட்டாங்க.

காலனிப் பொண்ணு எழுந்து மோட்டார் விசயத்தைப் பேசினா.

"எந்த வூட்டுல மோட்டார் இருக்குது? பேரைச் சொல்லும்மா"ன்னாரு தலைவர்.

அவ கூலி வேலைக்குப் போறதே அந்த வூடுங்களுக்குத்தான், பேரை எப்படிச் சொல்லுவா? என்னைப் பார்த்தா. "ஆத்தாவுக்குத் தெரியுமுங்க."

எனக்கு வூட்டுக்கு வூடு தெரியும். தலைவர் வூட்டு மோட்டாரும் தெரியும்.

"நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்"னேன்.

"பெரியம்மாவே சொல்லிட்டாங்க"ன்னு அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டாரு.

பத்து நாள் கழிச்சுக் காலனிக்குப் போனேன். குழாயடியில இடுப்பளவு குழி தோண்டி, அதுக்குள்ள நின்னு, சொட்டுச் சொட்டா வர்றதை அந்தப் பொண்ணு குடத்துல பிடிச்சிட்டு இருந்தா.

"திங்கக்கிழமை நாங்களும் சர்ச் தெருவும் தருமபுரி போய்க் கலெக்டர்கிட்ட மனு குடுக்கிறோமுங்க"ன்னா.

"மோட்டார் வூட்டுப் பேரெல்லாம் நான் சொல்றேன், எழுதிக்க"ன்னேன்.

அவ குடத்திலிருந்து கண்ணை எடுக்கலை. "சொன்னா, கீழ உங்க கையெழுத்தும் வேணுமுங்க ஆத்தா. போடுவீங்களா?"

"மகனைக் கேட்டுச் சொல்றேன்"னேன்.

எதுக்கும் மகனைக் கேட்டு நடந்தவ இல்ல நான். அது அவளுக்கும் தெரியும்.