பெட்டியில் ஒட்டிய விலை

டிவியில் வரும் விலைப் போட்டியில் குக்கரை மூடியிருக்கும் துணியை விலக்கும் நேரத்தில் நாகஜோதி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியந்தோறும் இப்படித்தான். போட்டிக்கு வந்த இருவரும் பொருளைப் பார்த்து ஆளுக்கொரு விலை எழுதுவார்கள். அதில் அச்சிட்டிருக்கும் விலைக்கு யார் பக்கத்தில் வருகிறாரோ அவருக்குப் பரிசு.

"எம்புட்டும்மா இருக்கும்?" என்று மகள் அழகுமீனா உள்ளே பார்த்துக் கேட்பாள்.

"எனக்கென்ன தெரியும்."

தெரியும். ஆமத்தூரில் யார் வீட்டுக்குச் சீர்ப்பாத்திரம் வாங்கினாலும் முன்பெல்லாம் அவளைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். சிவகாசிக் கடைத்தெருவில் நடந்தால் ஒன்றும் வாங்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் விலை கேட்பாள். "வாங்கப் போறியளாக்கா?" என்று ஒரு கடைக்காரர் சலித்துக்கொண்டார். "எம்புட்டுக்கு இறங்கி வாரீகன்னு பாத்துட்டுப் போறேன். அதுக்குமா காசு?" என்றாள்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கிஃப்ட் பெட்டிகளில் விலைச் சீட்டு ஒட்டுவது அவள்தான். சீட்டில் இரண்டாயிரத்து நானூறு என்றிருக்கும். எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு மாட்டி, வாசலிலேயே அதை நானூற்று எண்பதுக்குக் கொடுப்பார்கள். இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. தன் கையால் ஆயிரமாயிரம் ஒட்டியும், சீட்டிலிருந்த எண்ணை விலை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டு தீபாவளிக்கு முன் அவள் தம்பி மனைவி வீரலட்சுமிக்கு அந்த நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. மினிபஸ்ஸில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடியவள் வீரலட்சுமி. ஈரத்துணியைப் பிழிய முடியாது. கடைசிப் பரிசு வாஷிங் மெஷின் என்றதும் மேடையிலேயே கண் கலங்கிவிட்டாள்.

கடைசிப் பொருளாகப் பட்டாசுப் பெட்டி வந்தது. கூட்டம் சிரித்தது. "உங்க ஊர்ப் பொருளே வந்துடுச்சு, அப்புறமென்ன" என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். கூட வந்தவர்களில் ஒருவரிடம் கேட்கலாம் என்பது விதி.

"எங்க மதினிட்ட கேளுங்க. அவுக சொன்னா சரியா இருக்கும்."

மைக் வந்தது. நாகஜோதி எழுந்து வாங்கினாள். மேடையில் இருந்தது அவர்கள் கம்பெனிப் பெட்டியேதான்.

"நானூத்தி எம்பது. அதுக்கு மேல எவரும் தர மாட்டாக."

எதிரில் நின்ற கோயம்புத்தூர்ப் பெண் குருட்டாம்போக்கில் ஆயிரத்தைந்நூறு என்று எழுதியிருந்தாள். பெட்டியைத் திருப்பினார்கள்; சீட்டில் இரண்டாயிரத்து நானூறு. நாகஜோதி கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷின் கோயம்புத்தூருக்குப் போனது.

திரும்பும் வழியில் வீரலட்சுமிதான் தேற்றினாள். "விடுங்க மதினி. உள்ளதத்தான சொன்னீக."

அதன்பிறகு நாகஜோதி யாருக்கும் விலை சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய், வாரத்துத் துணியெல்லாம் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வருகிறாள். காபி கொடுத்தால் நின்றபடியே குடிக்கிறாள்.

போன மாதம், விருதுநகரில் பழைய மெஷின் விற்கும் கடைக்கு வீரலட்சுமி அவளையும் அழைத்துப் போனாள். கடைக்காரர் ஒன்பதாயிரம் என்றார். ஓட்டிக் காட்டியபோது மோட்டார் கரகரத்தது. அடிக்கால்களில் துரு. ஐயாயிரத்துக்கு மேல் பெறாது என்று நாகஜோதிக்கு நின்ற இடத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க மதினி. நீங்க சொல்றதுதான்."

கடைக்காரரும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்களத்தான் மதினி. இந்த வெலைக்கு எடுக்கலாமா?"

நாகஜோதி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீரலட்சுமி அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, இடது கையால் பர்ஸைத் திறந்தாள். நாகஜோதி குனிந்து, முந்தானையை இழுத்து, மெஷினின் மூடியைத் துடைக்கத் தொடங்கினாள்.