சோளத்துக்குள் ஒரு சென்றி

நான் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. இந்த ஒன்றை மட்டும் எழுதி வைக்க வேண்டும் போல் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஆப்பிள் பிடுங்கப் போனோம். நான், மனைவி, மாமா. மாமா மனைவியின் தகப்பன். புறநகரில், டொலார்-டெ-ஓர்மோவில், எங்களுடன்தான் இருக்கிறார். அவருக்கு ஞாபகம் வந்து வந்து போகும். காலையில் என்னைத் தெரியும். மத்தியானம் தெரியாது.

தோட்டம் மொன்றியலிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். பக்கத்துக் காணி முழுக்கச் சோளம். மாட்டுத் தீனிக்கு விதைத்தது. ஆளை விட உயரமாகக் காய்ந்து நின்றது.

மனைவி கழிப்பறைக்குப் போகும்போது, "அப்பாவைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உச்சியில் ஒரு நல்ல பழம். ஏணியில் ஏறிப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். மாமா இல்லை.

ஒரு மணித்தியாலம் கூப்பிட்டுத் திரிந்தோம். பிறகு தோட்டக்காரன் பொலிசுக்குப் போன் அடித்தான்.

ஒரு கார் வந்தது. பொலிஸ்காரப் பிள்ளை ஒருத்தி இறங்கினாள். முப்பது வயதுகூட இராது.

"மற்ற ஆக்கள்?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் அன்று பின்னேரம் இரண்டே கார். மற்றது ஒரு விபத்தில் நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். "ஒரு பழத்துக்காக" என்றாள்.

அந்தப் பிள்ளை முதலில் பெயர் கேட்கவில்லை. "காலில் என்ன போட்டிருக்கிறார்?" என்று கேட்டாள். செருப்பு என்றேன். எனக்குக் கிச்சினில் பழகிய பிரெஞ்சுதான். அதுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகக் கதைத்தாள். மேலில் என்ன, மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டாள். மெல்லிய சட்டை. பிரஷர் குளிசை. வானத்தைப் பார்த்தாள். இன்றைக்கு உறைபனி என்றாள். பொழுது பட இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

காணி ஓரத்தில் குந்தியிருந்து சேற்றைப் பார்த்தாள். நாங்கள் பத்துத் தரம் மிதித்துக் கடந்த இடம். அதற்குள் செருப்புத் தடம் ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"இப்படியானவர்கள் திரும்பி வர மாட்டார்கள். ஏதாவது தடுக்கும் வரைக்கும் நேரே போவார்கள்" என்றாள். சோளத்துக்கு அங்கால் உள்ள தெருவில் தோட்டக்காரனை டிராக்டரோடு நிற்கவிட்டாள். பிறகு ரேடியோவில் ஹெலிகொப்டர் கேட்டாள். மேலிருந்தே உடம்புச் சூட்டைப் பார்க்கிற கருவி அதில் இருக்கிறதாம்.

ஹெலி வந்தது.

நான் குனிந்துவிட்டேன். யோசித்துக் குனியவில்லை. தோள் தன்பாட்டில் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. மனைவியும் காரடியில் குந்திவிட்டாள்.

தோட்டத்தில் நின்ற எல்லோரும் மேலே பார்த்தார்கள். அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்தாள்.

"ஏன் குனிந்தீர்கள்?"

வெட்கமாக இருந்தது. "எங்கள் ஊரில் ஹெலி வந்தால் படுக்க வேண்டும். அசைந்தால் ஆமிக்காரன் சுடுவான்."

"அவருக்கும் அப்படித்தானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா இப்போது சோளத்துக்குள் குப்புறக் கிடப்பார். குளிர் நிலத்தில், மூச்சுக் காட்டாமல். எவ்வளவு தேடுகிறோமோ அவ்வளவு ஒளிப்பார். எங்கள் வீட்டுச் சங்கதி. எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

ரேடியோவை எடுத்தாள். ஹெலிக்குள் இருந்தவன் சத்தம் போட்டான். சோளம் அடர்த்தி, இன்னும் இரண்டு சுற்றுப் போனால்தான் தெரியும் என்றான். தேடாமல் திரும்பிப் போகச் சொன்னாள். திரும்பவும் சத்தம் போட்டான். "என் பொறுப்பு" என்றாள். மாமாவுக்கு ஒன்று நடந்திருந்தால் பழி அவள் தலையில்தான். ஹெலி போனது. காரில் சுழன்ற வெளிச்சத்தையும் நிற்பாட்டினாள்.

"ஹெலி போன பிறகு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?"

சொன்னேன்.

"அதையே சொல்லிக்கொண்டு நடவுங்கள். நான் பின்னால் வருகிறேன்."

மனைவி தன் சிவப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். யூனிஃபோர்ம் தெரியாதபடி அவள் அதை மேலே போட்டுக்கொண்டாள்.

நடந்தோம். நான் கத்தவில்லை. வீட்டுக்குள் கதைக்கிற மாதிரிச் சொன்னேன். "ஹெலி போட்டுது மாமா, போயிட்டுது. எழும்புங்கோ. ஹெலி போட்டுது." காய்ந்த இலை முகத்தில் கீறியது. எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

கடைசியில் காலடியில் இருந்து ஒரு குரல்.

"மெல்லமாக் கதையடா. ஆமி நிக்கிறானோ?"

தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள் கிடந்தார். உதடு நீலம்.

"ஒருத்தரும் இல்லை மாமா."

"பின்னால ஆர்?"

"நேர்ஸ்."

மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். குளிர்ச்சட்டை விலகி, இடுப்புத் துப்பாக்கி தெரிந்தது.

"நேர்ஸுக்கு என்னத்துக்கடா துவக்கு?"

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாமாவின் கண் போன இடம் தெரிந்தது. நின்ற இடத்திலேயே சேற்றுக்குள் குந்தி இருந்துவிட்டாள். மாமாவுக்குச் சமமாக. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

மாமா நடுங்கி நடுங்கி எழும்பினார். சட்டைப் பையிலிருந்து மருத்துவ அட்டையை எடுத்தார். இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். ஊரில் சென்றியில் வழி மறிக்கிற ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை நீட்டுகிற மாதிரி. அவன் சிலவேளை அதைத் திருப்பித் தரமாட்டான். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தாள். அட்டையை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"மெர்சி, முசியே" என்றாள். போகலாம் என்று கையைக் காட்டினாள்.

மாமா நிமிர்ந்தார். அவர் முதுகு அப்படி நிமிர்ந்ததை நான் கண்டதில்லை. அவளைக் கடந்து, தன்பாட்டில், சோளத்துக்கு வெளியே நடந்தார். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

அவள் கூப்பிட்ட அம்புலன்ஸ்காரர் மாமாவைப் பார்த்தார்கள். சூடேற்றினார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். நன்றி சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் ரேடியோ கூப்பிட்டுவிட்டது. எங்கோ தெருவில் மாடு நிற்கிறதாம். குளிர்ச்சட்டையை மடித்து மனைவியின் கையில் வைத்தாள். அவளின் காற்சட்டை முழுக்கச் சேறு. அப்படியே காரில் ஏறிப் போனாள்.

திரும்பி வரும்போது மனைவி பின்சீட்டில் தகப்பனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மொன்றியலுக்குள் போகிற பாலம் ஏறும்போது மாமா வாய் திறந்தார்.

"தம்பி, இனி இந்தப் பாதையால போவம்."

"ஏன் மாமா?"

"இந்தச் சென்றி நல்லது. கார்ட்டைத் திருப்பித் தருகினம்."