வாயில் நுழையாத பெயர்

செய்தி வந்தபோது நான் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் பூங்கொடி போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

"பெரியவரே, நீலாக்கா பூட்டாங்க. காலைல எழுப்பினா எழுந்திருக்கலியாம். மாரடைப்புன்றாங்க."

வாயிலிருந்த டீயைத் துப்பினேன். டீ மேல் குற்றமில்லை. செத்த பிறகும் அந்தப் பெயர்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

"யாருடி நீலா?"

"இன்னா பெரியவரே, நம்ம கேன்டீன் நீலாக்கா."

"அவ பேரு நிலோபர்" என்றேன். போனில் அழுகை நின்றுவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அதே பூங்கொடிதான் இதை எழுதுகிறாள். ஆனால் காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறக்காது; அது வரமா வியாதியா தெரியவில்லை. வல்லம் வடகால் கம்பெனியில் அவள் கையால் சாப்பிட்ட உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அவளுக்கு இரங்கல் கூட்டம் என்று கேன்டீனிலேயே ஏற்பாடு நடக்கிறது. வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் நான் கேன்டீன் வாசலில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தோட்ட வேலை என்னுடையது. கேன்டீன் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் சேகர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளைப் பெயர் கேட்டான்.

"நிலோபர்ங்க சார்."

"இன்னாது? வாயில நொழையலியே. நீலான்னு வச்சிக்கோ."

"அது என் பேரு இல்லீங்களே."

"யம்மா, ஆயிரம் பேரு துன்ற எடம் இது. பாய் வூட்டுப் பொம்பள சாம்பார் வைக்கிறான்னு எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான். எதுக்கு வம்பு? வேலை வேணுமா, பேரு வேணுமா?"

அவள் தரையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்: "பேர சோத்துல போடறதில்லீங்க சார். உங்க இஷ்டம்."

சேகர் சிரித்தான். அதை நல்ல ஜோக் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தான். கழுத்தில் மாட்டும் அட்டையில் நீலா என்று அடித்துக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். புருஷன் பாஷாவின் லோடு வண்டி பாதி நாள் மெக்கானிக் கடையில்தான் நிற்கும். மாட்டிக்கொண்டாள்.

வாலாஜாபாத்திலிருந்து வருவாள். என்னை அண்ணா என்பாள். சேகர் தலை தெரியாத நேரத்தில் நான் அவளை நிலோபர் என்றே கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டதுபோல் திரும்பிப் பார்ப்பாள். ஒருமுறை அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். "அல்லிப் பூவுண்ணா. பார்சி பாஷைப் பேராம். எங்க நானிம்மாவுக்கு, அம்மாவோட அம்மாவுக்கு, அந்தப் பேரு, அதையே எனக்கும் வச்சாங்க" என்றாள். எங்கள் ஊர்த் தாங்கல் ஏரியில் முளைக்கிற பூ. அதுதான் சேகர் வாயில் நுழையவில்லை.

நோன்பு மாதத்தில் அவள் சமைத்த விதத்தை நீங்கள் ஒருவரும் அறியமாட்டீர்கள். அண்டா அண்டாவாகக் குழம்பு கொதிக்கும். நோன்பு பிடித்தவள் நாக்கில் ஒரு சொட்டு வைக்க முடியாது. ஆவியை மோந்து பார்த்தே புளி, காரம் சொல்லுவாள். உப்புக்கு மட்டும் பின்கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவாள். "அண்ணா, வந்து உப்பு பாரு." உள்ளங்கையை நீட்டுவேன், கரண்டியால் ஊற்றுவாள். நான் தலையாட்டினால்தான் குழம்பு வெளியே போகும். கூட இருந்த பெண்கள், "இன்னாக்கா, விரதமா?" என்று கேட்டால், "ஆமா. எந்த விரதமா இருந்தா இன்னா, பசி ஒன்னுதான்" என்பாள். அந்த மாதங்களில்தான் குழம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். சேகர், மசாலாவை மாற்றிவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டான்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. நீலா என்று பெயர், நெற்றியில் பொட்டில்லை. நம் பெண்கள் கணக்குப் போட்டு அவளை விதவையாக்கிவிட்டார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள், "எத்தினி வருசமாச்சுக்கா அவரு தவறி?" உண்மையைச் சொன்னால் பெயரைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொன்னால் வேலை போகும். அவள் குனிந்து வெங்காயம் அரிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் இவர்கள் துக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் செடிப் பக்கம் வந்து என்னிடம் சொன்னாள்: "காலைலதாண்ணா மனுசனுக்கு நாஷ்டா கட்டிக் குடுத்துட்டு வந்தேன். மத்தியானத்துக்குள்ள இவளுங்க சாவடிச்சுட்டாளுங்க."

அதோடு விட்டார்களா? சில நாட்களில் பாஷா அவளைக் கூட்டிப்போக பைக்கில் வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிற்பான். தாலி இல்லாதவள் எவனோ தாடிக்காரன் பின்னால் உட்கார்ந்து போகிறாள் என்று பேச்சு கிளம்பியது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் வரை அதே பேச்சு. இந்த இடத்தில் பூங்கொடி பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன். நீயும்தான் சிரித்தாய், எழுது.

நிலோபர் காதுக்கும் அது போனது. கோபப்படுவாள் என்று பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் வூட்டுக்காரரோடயே என்னச் சேத்து வச்சிப் பேசறாங்கண்ணா. இந்தக் கூத்து எந்த ஊர்லயாவது கீதா?" சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. மறுநாளிலிருந்து பாஷாவைக் கேட் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கட்டின புருஷனோடு போவதற்கு, யாரும் பார்க்காத இடம் தேடி மெயின் ரோடு வரை நடந்தாள்.

துருக்கியிலிருந்து இஞ்சினியர் அம்மா வந்தது அதற்கு அப்புறம். புது மெஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்தவள். கம்பெனியே அமர்க்களப்பட்டது. ரிசப்ஷனில் பூக்கோலம், அதற்குச் சாமந்தி என் கூடையிலிருந்து போனது. போர்டில் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். ஆபீஸ் ஆட்கள் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்று காலையிலிருந்து பாடம் படிப்பதுபோல் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். நிலோபர் மேடம், நிலோபர் மேடம். நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். பூங்கொத்தோடு முன்வரிசையில் நின்ற சேகர் வாயிலும் அது எண்ணெய் தடவினதுபோல் நுழைந்தது.

ஆரத்தி கரைத்தவள் எங்கள் நிலோபர். மஞ்சளும் சுண்ணாம்பும் அளவாய்ப் போட்டு அந்தச் சிவப்பைக் கொண்டுவர அவளைப்போல் ஆளில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சேகர் ஓடிவந்து தட்டைப் பிடுங்கினான்.

"நீ எதுக்கு முன்னால வர? நல்ல காரியம் நடக்குது. பின்னால போ."

புருஷன் உயிரோடு இருப்பது தெரிந்தவன் அவன். தான் கட்டிவிட்ட நீலா என்ற பொய்யை எல்லாரும் நம்ப வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தான். அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். முன்னால் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டி, ஆரத்தி சுற்றி, வந்தவள் நெற்றியில் பொட்டு வைத்தார்கள். வந்தவளுக்கு எந்த மதம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மெஷினை ஓட்டத் தெரிந்தால் மதம் கிடையாது போலிருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து அந்தத் துருக்கியம்மாள் பால் ஊற்றாத டீ கேட்டுச் சமையலறைப் பின்பக்கம் வந்தாள். நான் கறிவேப்பிலை கொடுக்கப் போயிருந்தேன். நிலோபர் டீயை நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டு தன் நெஞ்சைத் தொட்டு, "நிலுஃபர்" என்றாள். நம்மவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். சேகர் இல்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "நிலோபர்" என்றாள்.

அவள், தன் பெயரைத்தான் இவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். "நோ, நோ. யூ?" என்று விரலை நீட்டினாள்.

"மீ. மீ நிலோபர்."

அவளுக்கு நம்பிக்கையில்லை. இவள் கழுத்தில் இருந்த அட்டையைக் காட்டினாள், அதில் வேறு பெயர் இருந்தது. நம்மவள் என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, அதான் இவ பேரு. நான் சாட்சி" என்று தமிழிலேயே சொன்னேன். என் தலையாட்டலைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெயும் புகையுமாய் நின்றவளை அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு போனில் ஏதோ பேச, போன் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது: "என் பாட்டிக்கும் இந்தப் பெயர். எங்கள் ஊரில் இது தண்ணீரில் பூக்கும் பூ." நிலோபர் போனைப் பார்த்து, "எங்க ஊர்லயும் அதாம்மா" என்றாள். சத்தம் போட்டுத் தன் பெயரைச் சொல்லி, ஒருத்தி அதைக் கேட்டு மகிழ்ந்ததை அந்தக் கேன்டீனில் அன்றுதான் பார்த்தேன்.

துருக்கியம்மாள் சேகரிடம் போய், ஏன் அட்டையில் பெயர் மாறியிருக்கிறது என்று கேட்டாள். "செல்லப் பேரு மேடம்" என்றான். அவளும் நம்பினாள். ஊருக்குப் போகிற நாளில் தன் பெயர் போட்ட கழுத்து அட்டையைக் கழற்றி நம்மவளுக்குப் போட்டுவிட்டுப் போனாள். மறு வாரமே சேகர் நிலோபரைச் சமையலிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் போட்டான். காரணம் கேட்டவர்களிடம், நீலாவுக்கு மூட்டு வலி, அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றான். தட்டு கழுவக் குந்தி உட்கார்கிறவளுக்கு மூட்டு வலிக்காது போலும்.

அட்டையை அவள் என்னிடம் கொடுத்தாள். "எங்கிட்ட கீதுன்னா இன்னொரு வம்பு. நீயே வச்சிக்கோண்ணா. வேலைய விடற அன்னிக்கு வாங்கிக்கறேன்."

வாலாஜாபாத்தில் அவளை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள்: பாஷாவின் மனைவி நிலோபர் மௌத்தாகிவிட்டார்கள். இறந்துபோய்த்தான் அவளுக்கு அந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. நானும் மண் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். அவள் அட்டையில் இருந்த படம்தான். கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டிருந்தார்கள்: தலையில் மல்லிகை, நெற்றியில் எட்டணா அகலத்துக்குச் சிவப்புப் பொட்டு. பூங்கொடியை வாசிக்கச் சொன்னேன். "அன்னமிட்ட நீலா அம்மா" என்று போட்டிருக்கிறதாம். கீழே சேகர் படம், கும்பிட்டபடி.

அந்த நேரம் பார்த்துப் பாஷா அவளுடைய சாமான்களை வாங்கிப்போக வந்தான். வண்டியை நிறுத்தி ஃபிளெக்ஸையே பார்த்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"யாருண்ணா இந்தம்மா?"

"உன் பொண்டாட்டிதாம்பா."

"இல்லண்ணா. எங்கூட்ல இந்த மாதிரி யாரும் இல்ல."

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். நான் சேகரிடம் போனேன்.

"இன்னாடா இது?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி போட்டாதானே பெரியவரே மரியாதை?"

"புருசன் இருக்கும்போது தாலி அறுத்தவள்னு சொல்லிப் பின்னால தள்ளின. செத்தப்புறம் பொட்டு வைக்கிற. ஏதாவது ஒரு பொய்யிலயாவது நில்லேன்டா."

"வயசானவர், போயி செடியப் பாருங்க" என்றான்.

போனேன். செடி வெட்டும் கத்தியை எடுத்து வந்து ஃபிளெக்ஸ் கயிற்றை அறுத்தேன். வாட்ச்மேன் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான், நல்லவன். பாஷா திரும்பி வந்தபோது அது சுருண்டு கிடந்தது. துருக்கியம்மாள் அட்டையை அவனிடம் நீட்டினேன். எழுத்தைப் பார்த்தான், தடவினான். "உங்கிட்டயே இருக்கட்டும்ணா. இங்க அவளுக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டத்துக்கு வேறு ஃபிளெக்ஸ் அடிக்கிறார்களாம், அதே பெயரில். அடிக்கட்டும். நான் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். படம் துருக்கிக்காரியுடையது. அதிலே அவள் பெயரில் ஓர் எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி இருக்கும். எனக்குப் படிக்கத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான், புள்ளியை வைத்துக் கண்டுபிடிப்பேன். நிலோபரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுவும், உள்ளங்கையில் ஊற்றின குழம்புச் சூடும்தான்.

பேச எழுந்திருக்கிறவர்கள் நிலோபர் என்று சொல்லிப் பேசுங்கள். வாயில் நுழையவில்லை என்று எவனும் சொல்லக் கூடாது. இத்தனை வருஷம் அவள் ஆக்கிய சோறு நுழைந்த வாய் அது.