பாலத்தில் தொங்குகிறேன்

அன்று குமணன்சாவடியில் என் பஞ்சர் கடையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, சொந்தமாகக் காமிக்ஸ் எழுதி விற்கும் ஒரு வாடிக்கையாளர், மூன்றே பேர். தூக்கம் போதாத கண்கள் அவருக்கு. பேசும்போதே வார்த்தைகளை விரல்விட்டு எண்ணுவார்; படத்தில் வசனத்துக்கு இடம் குறைவாம்.

புதுக் கதையில் கடைசியாக வரைந்து முடித்த பக்கத்தை போனில் காட்டினார். மேம்பாலத்தில் ஒருவன் தொங்கினான். என் முகம்!

"நீதான் ஹீரோ, அண்ணாத்தே."

போனை வாங்கிக் கண்ணருகே பிடித்தேன். "கீழ உயுந்துடுவேனா நைனா?"

"தெர்ல. வரையறவன் வேற வேலைக்குப் போய்ட்டான். கையில மூணு கதை கீது, மூணும் நிக்குது."

"ஊட்லயும் இவரு இப்டித்தான் தொங்கிகினு கீறாரு," என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. "வரைய ஆள் கெடைச்சதும் மொதல்ல உன்ன மேல ஏத்திடறேன்," என்று விரல்களை மடக்கினார்.

பிறகு அவர் வரவேயில்லை. மேம்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கை வலிக்கிறது. அவருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.