குறிக்குக் கீழே ஒரு கோடு

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு இருந்தோம். பஸ் பிடித்து மெட்ராஸ் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் ஆய்வேட்டை டைப்பிஸ்ட், கணிதக் குறிகளுக்கு இடம் விட்டு அடித்துத் தருவார். அந்த இடங்களை மையால் நிரப்புவது என் மனைவி. கணிதம் தெரியாது அவளுக்கு. கையெழுத்து அச்சு மாதிரி.

மூன்று பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கென்று வைத்துக்கொண்ட எங்கள் பிரதியை நிரப்பிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "இன்னாங்க, இந்தப் பக்கத்துல குறிக்குக் கீழ கோடு கீது, அந்தப் பக்கத்துல இல்ல. எது கரெக்ட்டு?"

"எழுதிக் குடுத்தத அப்படியே போடேன்" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

என் ஆய்வு இதுதான்: முடிவில்லாமல் பரந்த கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பிளஸ் அல்லது மைனஸ். எது வரும் என்ற வாய்ப்பு அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்தது. இந்த விதிக்குப் பொருந்தும் நிகழ்தகவு அளவை ஒன்றுதானா, பலவா என்பதுதான் என் கேள்வி. அண்டைக் கட்டங்களின் மொத்தச் செல்வாக்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், தூரத்து விளிம்பின் பாதிப்பு உள்ளே வர வரத் தேய்ந்துவிடும், அளவை ஒன்றே. சரியாக ஒன்று என்றால் என் நிரூபணம் நிற்காது. 'குறைவு' என்ற குறிக்குக் கீழே கோடு போட்டால் 'குறைவு அல்லது சமம்' என்றாகிவிடும். நிரூபணத்தில் கோடு இல்லை. தேற்றத்தில் போட்டுத் தொலைத்திருந்தேன்; கொடுத்த மூன்று பிரதிகளிலும் அப்படியே.

"உங்க கைடு சார் கிட்ட போயி சொல்லிடுங்களேன்" என்றாள்.

"சொன்னா டிகிரி நின்னுபோயிடும். டிகிரி இல்லன்னா காலேஜ் வேலை போச்சு."

தேர்வாளர் அறிக்கைக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் சோறு இறங்காது. இதைக் கண்டுபிடிக்க மேதாவி எவனும் வேண்டாம், ஒழுங்காகப் படிப்பவன் போதும். சொல்லிவிடலாம் என்று கிளம்பி, பூந்தமல்லி வரை போய்த் திரும்பிய நாட்களும் உண்டு. கோழை நான், வேறென்ன.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். தேற்றத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். அழகான முடிவு என்று பாராட்டினார். வாய் திறந்திருக்கலாம். "நன்றி சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பாஸ் என்று சொன்னதும் அவள் எங்கள் பிரதியை எடுத்து வந்தாள். தேற்றத்தில் அந்த ஒரு குறியை மட்டும் இத்தனை மாதமும் போடாமலே வைத்திருந்தாள்.

"இதுல கோடு போடட்டுமா, வேணாமா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தேர்வாளரைவிட அவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.