இந்தத் தடத்தில் எல்லா லைன்களும் உபயோகத்தில் உள்ளன

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஆளை, லைன் கிடைத்தால் யாரும் நினைப்பதில்லை. கிடைக்காவிட்டால் யாரும் மறப்பதில்லை.

மேலே தலைப்பாக இருக்கும் வாக்கியத்தை ரிசீவரில் கேட்டுக் கேட்டு நொந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், நாம் ஒரே இனம். உங்களுக்கு அது காதில் விழுந்தது. எனக்குத் தலையில் விழுந்தது. தென் கொல்கத்தாவில் ஒரு எக்ஸ்சேஞ்சில், எந்த டெலிபோன் காலை எந்த வழியாக அனுப்புவது என்று பார்க்கிற மேஜை என்னுடையது. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவள். பெயர் விஜயா. வங்காளிகள் வாயில் 'வ' நிற்காது. வந்த முதல் நாளே பிஜோயா தி, அதாவது விஜயா அக்கா, ஆகிவிட்டேன். இப்போது டாக்குரியாவில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு மொபைலில் படம் பார்க்கிறார்கள். நான் சொல்லப்போவது, டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்டு இன்டர்நெட்டைப் பிடித்த காலம்.

இரண்டு மெஷின்கள் பேசிக்கொண்டிருந்தன

மிஸஸ் தத்தா பாலிகஞ்சில் ஸ்கூல் டீச்சர். ஒரு நாள் காலை பத்தரைக்கு, வாசலில் யாரையும் கேட்காமல் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். மருமகளுக்கு எட்டாம் மாசம். முந்தின வாரம் சாயங்காலம் திடீரென்று ரத்தப்போக்கு. நர்சிங் ஹோமுக்குப் போன் செய்திருக்கிறார். எல்லா லைன்களும் உபயோகத்தில் உள்ளன. மறுபடி. மறுபடி. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் ஓடி டாக்ஸி பிடித்துவந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது" என்று டாக்டர் சொன்னாராம்.

நான் அவர் எதிரிலேயே அந்தச் சாயங்காலத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதைகளை ட்ரங்க் என்போம். மனிதர்கள் மூன்று நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள் என்று நம்பித்தான் அவற்றை எண்ணிப் போட்டிருந்தார்கள். மோடம் வைக்காது. ஒரு தடவை பிடித்தால் இரண்டு மணி நேரம். அன்று சாயங்காலம் எங்கள் ட்ரங்கில் பாதிக்கு மேல் இன்டர்நெட் கால்கள்தான் உட்கார்ந்திருந்தன. இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார்.

"என் மருமகள் வலியில கத்திட்டிருந்தா, உங்க லைன்ல ரெண்டு மெஷின் பேசிட்டிருந்தது. இதுல எது முக்கியம்னு உங்க ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

பாதிச் சொல்

எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் சௌத்ரி சார் தெரிந்தவர்தான். புகாரைப் படித்த அன்றே உத்தரவு போட்டார்: சாயங்கால நேரத்தில் முப்பது நிமிஷம் தாண்டிய இன்டர்நெட் கால்களை வெட்டிவிடு. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று நாள் நானே கீபோர்டில் உட்கார்ந்து வெட்டினேன். மிஸஸ் தத்தாவின் மருமகளை நினைத்துக்கொண்டு வெட்டினேன்.

நாலாம் நாள் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நான் "என்ன வேணும்?" என்று கேட்டதற்கு நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். பெயர் நிர்மல், அலிப்பூரில் ஒரு ஆபீஸில் வரைபடம் வரைகிறவர், பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை என்று எழுதிக் காட்டினார். சிலிகுரியில் இருக்கும் தங்கைக்கும் அப்படியே. இரண்டு பேரும் தினம் சாயங்காலம் கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பேசிக்கொள்வார்கள். தங்கை புருஷன் வீட்டில் சொல்ல முடியாத கஷ்டத்தில் இருந்தாள். அண்ணனிடம் மட்டும்தான் சொல்வாள். மூன்று நாளாக, சரியாக அரை மணியில், லைன் அறுந்துபோகிறது.

நான் அந்த நோட்டில், "அதிக நேரம் பிடிக்கும் மெஷின் கால்களைத்தான் வெட்டுகிறோம்" என்று இங்கிலீஷில் எழுதினேன். அவர் அதன் கீழே எழுதித் திருப்பிக் காட்டினார்.

"நீங்கள் வெட்டியது மெஷினை இல்லை. என் தங்கை பாதிச் சொல்லில் நின்றாள்."

முடியாது என்று சொன்ன நாள்

சௌத்ரி சார் ரூமுக்குப் போய், "இனிமே வெட்ட மாட்டேன்" என்றேன்.

"இது உத்தரவு, மிஸஸ் விஜயா."

"எழுத்துல மறுக்கறேன் சார்." அவர் மேஜையிலிருந்தே ஒரு தாள் எடுத்து அங்கேயே எழுதினேன். என் சர்வீஸில் அதுவரை லீவ் லெட்டரைத் தவிர வேறெதையும் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்தவர். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டீங்க, சரி. அப்ப அந்தக் கால்களை எந்த வழியா அனுப்புவீங்க, கங்கை வழியாவா?"

ஊர்க்காரி

இந்தக் கலாட்டாவின் நடுவில் கோமதி மாமி வந்தார். மாமா துறைமுகத்தில் அதிகாரி. வருஷப்பிறப்புக்கு எல்லாத் தமிழ்க் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பாயசம் போடுகிற வீடு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோடு மெயிலில் பேச முடியவில்லையாம். எங்கள் எக்ஸ்சேஞ்சில் சில நம்பர்களுக்கு முன்னுரிமை கொடுக்க முடியும். ஆஸ்பத்திரி, தீயணைப்பு, போலீஸுக்கு என்று வைத்த வசதி. அதை யாரோ மாமிக்குச் சொல்லிவிட்டார்கள். "எங்காத்து நம்பரையும் அதுல சேத்துடேன்டீ, யாருக்குத் தெரியப்போறது?" என்றார். எனக்குத் தெரியுமே மாமி என்றேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வருஷப்பிறப்புக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.

"ஊர்க்காரின்னு நம்பி வந்தேன், நீ ரூல்காரியான்னா இருக்கே!"

ஷஷ்டி சாயங்காலம்

கங்கை வழியாக அனுப்ப முடியாதுதான். ஆனால் வேறு ஒரு வழி இருந்தது. கம்பெனிகள் நிறைந்த ஆபீஸ் பாடா பகுதியில் இருக்கிற எக்ஸ்சேஞ்சுக்கும் எங்களிடமிருந்து ட்ரங்க் உண்டு. பகலெல்லாம் அது நெரியும். ஆறு மணிக்கு ஆபீஸ்கள் பூட்டியதும் ஈ ஓட்டும். வீடுகளில் மோடம் கீச்சிட ஆரம்பிப்பது அப்போதுதான். இன்டர்நெட்டுக்குப் போகும் நம்பர்கள் எல்லாம் ஒரே இலக்கங்களில் தொடங்கும். அந்த இலக்கங்கள் வந்தால் காலியான பாதையில் திருப்பிவிடு, பேச்சுக்கு எப்போதும் போகிற பாதையை விட்டுவிடு. யாரையும் வெட்ட வேண்டாம். சித்திரையிலேயே இதை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபீஸ் பாடா இன்ஜினியர், "என் ட்ரங்க் என் ட்ரங்க்தான்" என்று எழுதித் திருப்பினார். ஃபைல் தலைமை ஆபீஸுக்குப் போனது. புரட்டாசியும் வந்துவிட்டது. ஃபைல் வரவில்லை.

துர்கா பூஜை ஷஷ்டி. ஆபீஸ்கள் ஐந்து நாளைக்கு மூடிவிட்டன. ஊர் முழுக்கப் புதுத்துணியோடு தெருவில். பந்தலில் தொலைந்த பிள்ளை, மயங்கி விழுந்த பாட்டி என்று எல்லாரும் எல்லாரையும் போனில் தேடுகிற நாட்கள் அவை. நானும் மூத்த டெக்னீஷியன் மொலோய் பாபுவும்தான் டியூட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கே ட்ரங்க் சிவப்புக் காட்டியது. நான் ஆபீஸ் பாடாவில் டியூட்டியில் இருந்த அம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "பட்டுச்சேலை கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன், அம்மனைப் பார்க்கப் பந்தலுக்குப் போகணும், என்ன அடிக்கணும்னு சீக்கிரம் சொல்லு" என்றார். இரண்டு பக்கமும் அடித்தோம். கால் மணியில் சிவப்பு தணிந்தது. அந்த ஐந்து நாளும் எங்கள் பகுதியில் ஒருவருக்கும் அந்த ரெக்கார்டு வாக்கியம் கேட்கவில்லை.

பூஜை முடிந்து முதல் வேலை நாளில் என் மேஜைமேல் மெமோ இருந்தது. அனுமதியில்லாமல் பாதையை மாற்றியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மொலோய் பாபு அதை என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"தீதி, பந்தல் கூட்டத்தைப் போலீஸ்காரன் வேற தெருவுல திருப்பி விடறான், அவனுக்கு எவனும் மெமோ கொடுக்கறதில்லையே!"

நீதிபதியும் கிளியும்

என் பக்கம் தப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பூஜைக்குப் பிறகு, எடுக்கச் சொல்லி உத்தரவு வரும்வரை பாதை மாற்றத்தை எடுக்க மாட்டேன் என்று வீராப்பாக, சாயங்காலத்துக்கு மட்டும் அதை நிரந்தரமாக்க உட்கார்ந்தேன். அவசரத்தில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தேன். விளைவு, இன்டர்நெட்டுக்குப் போக வேண்டிய கால்களில் ஒரு பங்கு அலிப்பூரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டில் போய் மணியடித்தது. அவர் எடுத்தால் மோடம் கீச்சிடும். வைத்தால் அடுத்த மோடம். மறுநாள் சாயங்காலம் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் அவர் ஒரு புகார்க் கடிதமே அனுப்பிவிட்டார்: யாரோ ஒரு கிளியை வைத்துக்கொண்டு தன்னை மிரட்டுவதாக.

"கேபிள்ல தண்ணி புகுந்துடுச்சுன்னு பதில் போட்டுடுங்க" என்றார் சௌத்ரி சார். எல்லாப் புகாருக்கும் எங்களிடம் இருந்த பதில் அது. ஏற்கெனவே மெமோ இருக்கும்போது இதுவும் வெளியே தெரிந்தால் என் கதி அவ்வளவுதான் என்று அவர் பயந்தார், எனக்காகத்தான் பயந்தார். ஆனால் வெட்ட மறுத்த வாயால் தண்ணி புகுந்ததென்று சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்து அலிப்பூர் போனேன். உயரமான மனிதர், வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார். கேபிள் இல்லை சார், நான் அடித்த தப்பு இலக்கம் என்றேன். அவர் உள்ளே திரும்பி, டீ கொண்டுவரச் சொன்னார்.

"என் கோர்ட்ல எத்தனையோ பேர் நின்னிருக்காங்க, நான் கேக்கறதுக்கு முன்னாடியே 'நான்தான் செஞ்சேன்'னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

இரண்டு கவர்

விசாரணை நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் நான், பூஜை ஐந்து நாட்களின் ரிப்போர்ட்டோடு. நிர்மல் பாபு எழுதிய தாளை, அவரைக் கேட்டு வாங்கி, அதன்மேல் வைத்திருந்தேன். மிஸஸ் தத்தா கேட்டதையும் சொன்னேன். நீதிபதி வீட்டு விஷயத்தையும் நானே சொன்னேன். நடுவில் இருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "செய்ததற்கு வருத்தப்படுகிறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா இதோட முடிச்சிடலாம்" என்றார். தப்பு இலக்கத்துக்கு எழுதித் தருகிறேன், பாதையை மாற்றியதற்கு எழுத மாட்டேன் என்றேன். வீட்டுக்காரரின் மாற்றல், பெண்ணின் பத்தாம் வகுப்பு, என் வேலை எல்லாம் ஒன்றாகக் கண்முன் நின்றது. ஆனாலும் எழுதவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு நாள், டெஸ்பாட்ச் கிளார்க் ஷிகா இரண்டு கவரோடு என் மேஜைக்கு வந்தாள். இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. பிரித்துப் பார்த்த எனக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று புரியவில்லை. ஷிகாவுக்குப் புரிந்திருந்தது. பதிவேட்டை நீட்டி இரண்டு இடத்தில் விரலை வைத்தாள்.

"ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுங்க பிஜோயா தி, ஒண்ணு நீங்க செஞ்சது தப்புன்னு கண்டனம், இன்னொண்ணு இனிமே எல்லா எக்ஸ்சேஞ்சும் அப்படியேதான் செய்யணும்னு உத்தரவு."

பேச்சுக்கும் மோடமுக்கும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் ஒரு ஃபைல் வேகமாகப் போக வழி கேட்டால், இந்தத் தடத்தில் எல்லா லைன்களும் உபயோகத்தில் உள்ளன என்றுதான் இன்றைக்கும் நான் பதில் சொல்ல முடியும்.