இருபது எண்ணும்வரை மூச்சு

போன வாரம் மறுபடியும் கோலாலம்பூர் போய் வந்தேன். கடைத்தெரு சுற்ற அல்ல... என் அக்கா புருஷனின் ஈரலைப் படம் எடுக்க.

மச்சானுக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலை. பதினெட்டு வருஷமாகத் தேயிலைத் தூசியைச் சுவாசித்தவர். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது இருமல். எங்கள் மலைப்பக்க டவுன் தானா ராத்தாவில் ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரலில் கட்டி என்றார். வெட்டி எடுக்க முடியுமா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டுமாம்.

இரண்டு மாதத்துக்கு முன் முதல் தடவை போனோம். கையில் மருந்து ஏற்றி, அது ஈரலுக்குள் ஓடும்போது வரிசையாகப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இருபது எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். "தஹான், பாச்சிக்... தஹான்" – அடக்குங்க, பெரியவரே – என்று மைக்கில் ஒரு மலாய்க் குரல் கெஞ்சியது. மச்சான் அடக்கினார், இருமினார். அடக்கினார், இருமினார். படம் முழுக்க மங்கல்.

"இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

நோயாளியைப் படம் எடுக்க, அவர் முதலில் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் – நல்ல கூத்து, இல்லையா?

"மூச்சு விட்டுக்கிட்டே படம் எடுக்கிற மெஷின் இல்லையா லா?" என்று கேட்டார் மச்சான். இன்னும் வரவில்லையாம்.

அக்கா விடவில்லை. அவர் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் பாயில் படுக்க வைத்து, நெஞ்சில் கை வைத்து எண்ணுவாள். எட்டு... பத்து... பதின்மூன்று. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு எத்தனைண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இருபதைத் தொட்ட அன்று அக்கா பாயசம் வைத்தாள். நல்ல படம் வந்தால் நல்ல சேதியும் வரும் என்று எந்த மடையன் நம்பினான்? நான்தான்.

போன வாரம் ஓர் இருமல்கூட இல்லை. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டினார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கட்டி ஒன்றல்ல. ஈரலின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது.

"கத்தி வைக்க எடமில்லைங்க."

கதவைத் திறந்துகொண்டு வந்தேன். வெளியே பெஞ்சில் மச்சான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா.

"என்னா மாப்ளே, படம் நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு மச்சான்."

அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "நான் சொன்னேன்ல?"

பாழாய்ப்போன வாய்... அது சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.